பழைய கணினிக்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு அடங்கும்?

கணினி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: வீட்டிலோ தொழிலகத்திலோ பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினியில் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுவது. எழுதியவர்களில் பெரும்பாலோர் கார்டின் பெயரைச் சொல்லி, அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்று ஒருவர் மட்டும் சொல்லியிருக்கிறார்; அதன் மீது ஒட்டியிருக்கும் சீட்டில் மற்றபடி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் குறிப்பிடவில்லை. அதனால்தான் பதில்கள் சற்று நீளமாகிவிட்டன.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினியை வாங்கி வைத்திருக்கிறோம். இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஒல்லியான கேபினெட். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகி வருகிறான். விடுமுறையில் விளையாடவும் ஆசைப்படுகிறான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வேண்டும் என்கிறான். அதன் விலை, கணினிக்கு நாங்கள் கொடுத்ததைப்போலப் பல மடங்கு. தங்கள் யோசனை என்ன?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

பதில்: வழக்கமான அளவில் வரும் அந்த கார்டு உங்கள் கணினிக்குள் நுழையவே நுழையாது, ஆகவே விலையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். ஒல்லியான கேபினெட்டுகளில் சுமார் 7 சென்டிமீட்டர் உயரமுள்ள, 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டை கார்டுகளுக்குத்தான் இடம் உண்டு. சாதாரண கார்டின் உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். குட்டை கார்டாகவே இருந்தாலும், அது ஒரு ஸ்லாட்டின் (மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம்) தடிமன் உள்ளதா, இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இவ்வகைக் கணினிகள் சிலவற்றில் கிராபிக்ஸ் ஸ்லாட்டை ஒட்டியே எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அமர்ந்திருக்கும், தடித்த கார்டு அதில் இடித்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றி, ஓர் அளவுகோலால் மூன்று அளவுகளை எடுத்து வையுங்கள்: ஸ்லாட்டிலிருந்து மூடி வரை உள்ள உயரம், பின்புறத் தகட்டிலிருந்து எதிரே இருக்கும் ஹார்டு டிஸ்க் கூடு வரை உள்ள நீளம், பக்கத்தில் உள்ள இடைவெளி.

அடுத்தது மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 4060 எடுக்கும் 115 வாட்டை ஸ்லாட் மட்டுமே கொடுத்துவிட முடியாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் வரும். மேற்கொண்டு வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 6 முனை அல்லது 8 முனை கேபிள் தனியாக வர வேண்டும். நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்த ஒல்லிக் கணினிகளில் பெரும்பாலும் 240 வாட் அளவிலான எஸ்.எம்.பி.எஸ்.தான் இருக்கும், அந்த கேபிளும் இராது. பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாமே என்று மகன் கேட்கலாம். இவற்றில் பலவற்றின் பெட்டி வடிவமே தனி. சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் கேபிளும் வழக்கமான 24 முனை அல்ல. கடையில் கிடைக்கும் பொது எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. இன்னொன்று, சில மாதிரிகளில் ஸ்லாட்டுக்கே 75 வாட்டை விடக் குறைந்த வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் மாதிரியின் கையேட்டை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி, அதில் இந்த வரம்பைப் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவே உங்கள் கணினிக்குப் பாந்தமாக அமையக்கூடியது என்று நான் கருதுவது என்விடியா டி1000. 50 வாட் போதும், தனி கேபிள் தேவையில்லை, குட்டையானது, ஒரே ஸ்லாட் தடிமன். இது வடிவமைப்பாளர்களுக்கான வரிசையைச் சேர்ந்தது என்பதால் விளையாட்டுப் பிரியர்களின் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை; ஆனால் உள்ளே இருப்பது ஜிடிஎக்ஸ் 1650-இல் உள்ள அதே சில்லுதான். 4 ஜிபி, 8 ஜிபி என இரண்டு வகையில் வந்தது. பிளெண்டரில் ஒரு காட்சியின் உருவங்களும் படிமங்களும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் வேலை வேகமாக நடக்கும் என்பதால், கிடைத்தால் 8 ஜிபி வாங்குங்கள். பின்புறத்தில் இருப்பவை மினி டிஸ்ப்ளே போர்ட் துளைகள். உங்கள் மானிட்டருக்கு ஏற்ற மாற்றியும் சேர்த்து வாங்க வேண்டும். விளையாட்டு மட்டுமே நோக்கம் என்றால் 53 வாட் எடுக்கும் ரேடியான் ஆர்எக்ஸ் 6400-உம் ஒற்றை ஸ்லாட் குட்டை வடிவில் உண்டு. பிளெண்டர் பழகும் மாணவனுக்கு நான் என்விடியாவையே சொல்வேன். அம்மென்பொருளில் அதன் ஆதரவு நெடுங்காலமாக நன்கு பழுத்தது.

எதை வாங்கினாலும் கார்டோடு, அதைக் கேபினெட்டில் திருகி மாட்டுவதற்கான குட்டைத் தகடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். நெட்டைத் தகடு மட்டும் உள்ள பழைய கார்டைப் பொட்டலம் கட்டி வாங்கிவந்து, அதைத் திருகி மாட்ட முடியாமல் விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரேமை 16 ஜிபி ஆக்குவது கார்டுக்கு நிகரான பயன் தரும். அதற்கு மேல் இந்தக் கணினியில் பணம் போட வேண்டாம். நான்கு கோர் மட்டுமே உள்ள அந்த ஐ5 இன்றைய பெரிய விளையாட்டுகளில் கார்டுக்கு ஈடுகொடுக்காமல் திணறும். நான்காம் தலைமுறை விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலைக்குப் போய்விடாதீர்கள். படிப்பு முடிவதற்குள் புதிய கணினி ஒன்று வாங்க நேர்ந்தால், டி1000-ஐ அதிலும் மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். 2012-இல் அசெம்பிள் செய்த கணினி. ஐ3 இரண்டாம் தலைமுறை, ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம். யூடியூப் காணொளிகள் விட்டு விட்டு ஓடுகின்றன. கடையில், 4 ஜிபி உள்ள ஜிடி 730 கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?
*வாசகி, பாளையங்கோட்டை*

பதில்: வேண்டாம் அம்மா. '4 ஜிபி' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 2014-இல் மூன்று வெவ்வேறு கார்டுகள் வெளிவந்தன. அவற்றில் 4 ஜிபி என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்பட்டவை பொதுவாக டிடிஆர்3 என்ற மெதுவான நினைவகம் கொண்டவை. தொட்டி பெரிது, குழாய் சிறிது.

உங்கள் தொல்லைக்குக் காரணம் வேறு. யூடியூப் இப்போது காணொளிகளைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் அனுப்புகிறது. உங்கள் ஐ3-இல் உள்ள கிராபிக்ஸ் பகுதிக்கு இவற்றை விரிக்கத் தெரியாது. ஆகவே பிராசசரே முழுச் சுமையையும் தூக்குகிறது. ஜிடி 730-க்கும் இவை தெரியாது! அதாவது கடைக்காரர் சொன்னதைச் செய்தாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். அதற்கான புதிய டிரைவர்களும், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்களும், 2021-உடன் நின்றுவிட்டன.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். யூடியூபிடம் பழைய ஹெச்.264 வடிவையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசரில் சேர்ப்பதற்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த வடிவை உங்கள் கணினி எளிதாக விரிக்கும். அடுத்து, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும். உங்கள் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் பழையதே என்றாலும், ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது வரும் மாற்றத்தை முதல் நாளே உணர்வீர்கள். இவற்றுக்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று தோன்றினால் மட்டும், விபி9 தெரிந்த ஜிடி 1030-ஐ வாங்குங்கள்; 30 வாட்தான் எடுக்கும். அதிலும் ஜிடிடிஆர்5 வகையையே கேளுங்கள். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 வகை ஒன்று வந்தது. அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி என்ற வேகத்திலிருந்து 17 ஜிபிக்கும் கீழே இறங்கியது. பெட்டியின் முகப்பில் இது பளிச்சென்று தெரியாது, ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பி85 மதர்போர்டு, ஐ5 நான்காம் தலைமுறை, 16 ஜிபி ரேம், பெரிய கேபினெட், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060-ஐத் தருகிறார். 450 வாட் போதுமா? முகூர்த்த நாட்களில் கணினி நின்றுவிட்டால் பிழைப்பு கெட்டுவிடும்.
*வாசகர், சங்கரன்கோவில்*

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். எஸ்.எம்.பி.எஸ். மீதுள்ள சீட்டில் '450' என்ற பெரிய எண்ணை விட்டுவிட்டு, +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த ஒரு வழியிலிருந்துதான் உண்கின்றன. மலிவான 450 வாட் பெட்டி ஒன்றில் அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட். உங்கள் ஐ5 முழு வேகத்தில் 84 வாட் வரை. கூட்டினால் 254. கணக்கு அங்கேயே இடித்துவிடுகிறது. என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 6 முனை கேபிள் இல்லாத ஒரு மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில், ஹார்டு டிஸ்க்குக்கான கேபிளை மாற்றி இணைக்கும் ஒரு துண்டைப் போட்டு, பெரிய கார்டு ஒன்றை ஓட்டினேன். மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. ஒரு சித்திரை மாத மத்தியானம், மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், கருகிய வாசனை வந்தது. எஸ்.எம்.பி.எஸ். தனியாகப் போகவில்லை; மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அதிலிருந்த குடும்பப் படங்களை இன்றுவரை மீட்க முடியவில்லை. உங்கள் டிஸ்க்கில் இருப்பவை ஊரார் வீட்டுக் கல்யாணங்கள். தயவுசெய்து அந்த மாற்றுத் துண்டை நம்பாதீர்கள்.

நண்பரின் கார்டு நல்ல நிலையில் இருந்தால், மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்ற, 8 முனை கேபிளுடன் வரும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை முதலில் வாங்கி மாட்டுங்கள், கார்டு இரண்டாவது. யுபிஎஸ்ஸையும் பார்த்துவிடுங்கள். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் நீங்கள் அந்த எல்லைக்கு அருகே போய்விடுவீர்கள். பேட்டரியும் பழையதென்றால், ரெண்டரிங், அதாவது முடிந்த வீடியோவை உருவாக்கும் வேலை, நடக்கும்போது மின்சாரம் போன கணமே எல்லாம் அணைந்துவிடக்கூடும். எஸ்.எம்.பி.எஸ். மாற்ற மனமில்லை என்றால் 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 உங்களுக்கு ஏற்றது. 70 வாட், பெரும்பாலான மாதிரிகளுக்குத் தனி கேபிள் வேண்டாம். உங்கள் பி85 போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகம் தருவதால் இழப்பு சொல்லும்படி இராது. இதே கேள்வியை ஹெச்81 போர்டு வைத்திருப்பவர் கேட்டிருந்தால் என் பதில் சற்று மாறியிருக்கும். அது இரண்டாம் தலைமுறை வேகத்தோடு நின்றுவிடுகிறது.

ஒரு முக்கியமான விஷயம். புதிய கேமராக்கள் சிலவற்றில் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி என்ற வடிவில் பதிவு செய்வார்கள். அந்த வடிவை விரிக்கும் திறன் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. உங்கள் கேமரா அப்படிப் பதிவு செய்கிறதென்றால், 3060 போட்டாலும் டைம்லைன் தடங்கித் தடங்கித்தான் நகரும். சிறிய பிரதிகளை, அதாவது பிராக்ஸி கோப்புகளை, முதலில் உருவாக்கி அவற்றை வைத்து வெட்டுவதுதான் வழி. கார்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கேமராவின் மெனுவைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: என் மானிட்டரில் விஜிஏ துளை மட்டுமே உள்ளது. புதிய கார்டுகளில் அது இல்லையே?
*வாசகர், வள்ளியூர்*

பதில்: இல்லைதான். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலேயே அனலாக் வெளியீடு போய்விட்டது. டிவிஐ துளை இருக்கிறதே என்று மலிவான டிவிஐ–விஜிஏ முனை வாங்கினால் அது உள்ளேயே நுழையாது. உள்ளே மின்சுற்றுள்ள ஹெச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி வாங்குங்கள், வேலை செய்யும். கார்டை மாட்டிய பின் மானிட்டர் கேபிளைப் பழைய மதர்போர்டு துளையிலிருந்து எடுத்துக் கார்டில் செருக மறக்க வேண்டாம். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று மண்ணை வாரி இறைக்கும்; அந்த இரண்டு மாதங்களிலாவது கார்டின் விசிறியைத் தூரிகையால் துடைத்து வாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பழைய கார்டை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
*வாசகர், மேலப்பாளையம்*

பதில்: கார்டு நல்ல கார்டு, 2016-இல் வந்தது, 75 வாட், பழைய கணினிகளுக்கு இதைப்போல ஒத்துப்போனவை குறைவு. ஆனால் அதன் வழக்கமான டிரைவர் வெளியீடு 2025 அக்டோபருடன் முடிந்து, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

மிகக் குறைந்த விலை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய கார்டுகளுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விண்டோஸ் காட்டும்படி செய்து விற்பது நடந்துவருகிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகளைக் கண்டறிந்து பெயருக்கு முன்னால் போலி என்றே குறித்துக் காட்டும். கண்ணுக்கும் சில அடையாளங்கள் உண்டு: உண்மையான 1050 டிஐயில் விஜிஏ துளை இராது. படத்தில் விஜிஏ துளை தெரிந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால், முன்பணம் எதுவும் அனுப்பாமல், விற்பவர் வீட்டிலேயே அதைக் கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் திரையைக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கையில் கொடுங்கள்.