கணினி கேள்வி – பதில்: இடம் மாறும் சீரியல் போர்ட்கள்

கே: நான்கு போர்ட் உள்ள யுஎஸ்பி சீரியல் அடாப்டரை லினக்ஸ் கணினியில் மாட்டியிருக்கிறோம். ஒன்றில் எடை மெஷின், இன்னொன்றில் பார்கோடு ஸ்கேனர். சில சமயம் ரீபூட் ஆனதும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. டிரைவர் கோளாறா?

ப: டிரைவர் மேல் பழி இல்லை. போர்ட்களுக்குக் கிடைக்கும் டிடிஒய்யுஎஸ்பி0, டிடிஒய்யுஎஸ்பி1 என்ற பெயர்கள், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்டுபிடிக்கும் வரிசையில் விழுபவை, நிரந்தரமல்ல.

உள்ளே என்ன சிப் என்று முதலில் பாருங்கள் (பெட்டியில் அச்சிட்ட பெயர் இதற்கு உதவாது). யுஎஸ்பியில் மாட்டியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் 0403:6011 என்ற அடையாள எண்ணோடு ஒரே வரி வந்தால் அது எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி4232எச் சிப். நான்கு போர்ட்டும் ஒரே சிப்பில் இருக்கும். கெர்னலோடு வரும் டிரைவரே போதும். 067பி:2303 என நான்கு வரி வந்தால், உள்ளே ஒரு ஹப்பும் (ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பலவாகப் பிரிப்பது) புரோலிஃபிக் நிறுவனத்தின் நான்கு தனித்தனி சிப்பும் இருக்கின்றன. எஃப்டி4232எச்சில் வேறொரு அடாப்டர் முந்திக்கொண்டால் நான்கும் சேர்ந்து தள்ளிப்போகும். தங்களுக்குள் மாறுவது அபூர்வம். உங்களுடையது ஹப் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எஃப்டி4232எச் என்றால் டெவ் அடைவில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்று போய்ப் பாருங்கள். அங்குள்ள மாறாத பெயரையே மென்பொருளில் கொடுங்கள். பெயரின் கடைசியில் ஐஎஃப்00, ஐஎஃப்01 என்று போர்ட் தெளிவாகத் தெரியும். ஹப் வகையில் இது பலிக்காது. அந்தச் சிப்களில் பெரும்பாலும் சீரியல் எண் இருக்காது. நான்குக்கும் ஒரே பெயர் வந்து, ஒரு இணைப்புதான் மிஞ்சும். அங்கே பக்கத்திலுள்ள பை-பாத் அடைவைப் பயன்படுத்துங்கள். அடாப்டரைக் கணினியின் வேறு யுஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றினால் இந்தப் பாதையும் மாறும். எந்தப் போர்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

நீளமான பாதையை மென்பொருள் ஏற்காவிட்டால், யுடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதியில் சின்னப் பெயர் ஒன்று வையுங்கள். விதிகளை ரீலோடு செய்து, அடாப்டரைக் கழற்றி மாட்டினால் பெயர் வரும். அனுமதி மறுக்கப்பட்டால் பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்-அவுட் ஆகி மறுபடி நுழையுங்கள். டெபியன், உபுண்டுவில் குழுவின் பெயர் அதுதான்.

கே: விண்டோஸ் 11இல் டிவைஸ் மேனேஜர், என் பழைய அடாப்டரின் பெயருக்குப் பதிலாக ‘பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது’ என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் காட்டுகிறது. கேபிள் போய்விட்டதா?

ப: இல்லை. புதிய புரோலிஃபிக் டிரைவர் பழைய எச்எக்ஸ்ஏ சிப்பை வேண்டுமென்றே ஒதுக்குகிறது. பழைய டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’ போய், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து அதை நீங்களே தேர்ந்தெடுங்கள். பல போர்ட் அடாப்டரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதைக் கொண்டுவரக்கூடும். தினசரி வேலை நடக்கும் கணினி என்றால் அடாப்டரை மாற்றிவிடுவதே மேல்.