காரின் முன் ஆக்சில் சிக்கிக்கொண்டு வரவில்லை. வீட்டிலேயே கழற்ற முடியுமா?

கேள்வி: சென்னையில் ஓடிய பழைய ஸ்விஃப்ட்டை வாங்கி தருமபுரியில் ஓட்டுகிறேன். திருப்பும்போது சிவி ஜாயின்ட் (ஆக்சில் முனையில் வளைந்து சுழலும் இணைப்பு) டக் டக் என்கிறது. வண்டியைத் தூக்கி, ஆக்சில் நட்டையும் கழற்றிவிட்டேன். ஆக்சில் அசையவே இல்லை.

பதில்: முடியும். ஆனால் எந்த முனை சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் சுத்தியலைத் தொடாதீர்கள். வெளிமுனையை ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பற்களுக்குள் துரு பிடித்து வைத்திருக்கும். உள்முனையைக் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்னக் கம்பி வளையம், அதாவது சர்கிளிப், பிடித்திருக்கும். துருவுக்குச் செய்யும் வைத்தியம் கிளிப்புக்கு உதவாது.

சென்னை வண்டி என்றால் எனக்கு ஹப் மேல்தான் முதல் சந்தேகம். கடற்காற்றின் உப்பு அந்தப் பற்களில் இறங்கித் துருவாக இறுகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமே ஓடிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

கழற்றிய நட்டைத் திரும்ப மாட்டுங்கள். அதன் முகம் ஆக்சில் நுனியோடு சமமாக நிற்கட்டும்; அடி மரைமேல் விழாது. மரை நசுங்கினால் புது நட்டு ஏறாது, ஆக்சிலே போனது போலத்தான். துரு இளக்கும் ஸ்பிரேயைப் பற்கள் தெரியும் இடத்தில் முன்னும் பின்னும் அடித்து ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் நட்டின் மேல் பித்தளைத் துண்டு வைத்து, நேராக, கனமான சுத்தியலால் நான்கைந்து அடி. அதற்கும் வரவில்லை என்றால் மேலும் அடிக்காதீர்கள். ஒவ்வொரு அடியும் வீல் பேரிங் குண்டுகளில்தான் இறங்குகிறது. ஆக்சில் வந்தாலும் பிறகு பேரிங் ஊளையிடும். ஹப் புல்லரை (ஆக்சிலை ஹப்பிலிருந்து தள்ளி விடுவிக்கும் கருவி) வாடகைக்கு எடுத்து, வீல் போல்ட்டுகளில் மாட்டி, நடு ஸ்குரூவை நன்றாக இறுக்குங்கள். இறுக்கிய நிலையில் ஸ்குரூத் தலையில் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் டப்பென்று விடும். கேஸ் விளக்கால் சூடு காட்டுவது வேண்டாம். பேரிங் கிரீஸும் சீலும் கருகும், ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதுவும் போகும். புல்லருக்கும் மசியாவிட்டால் நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேர்த்துக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஹப்பிலிருந்து விடுபட்டதும் நக்கிளைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டை (உருண்டை இணைப்பு) இறுக்கும் போல்ட்டை முழுதாக உருவுங்கள். லூஸ் செய்தால் மட்டும் போதாது. அந்த போல்ட் பால் ஜாயின்ட் தண்டின் பள்ளத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஆர்மைக் கடப்பாரையால் கீழே அழுத்தி நக்கிளை வெளியே சாய்த்தால் ஆக்சில் நுனி வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உள்முனை. கியர் ஆயிலை வடிப்பதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக் கழல்கிறதா பாருங்கள். அது துருவேறி நின்றால் வடித்த பிறகு ஆயில் ஊற்ற வழியில்லை. நடுத்தண்டைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். கிளிப் விடாது, உள் ஜாயின்ட்தான் பிரிந்து உருளைகள் ரப்பர் உறைக்குள் விழும். நெம்பவேண்டிய இடம் ஜாயின்ட் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் நடுவே. உடம்பு அலுமினியம் என்பதால் கடப்பாரைக்கு அடியில் மரத்துண்டு வையுங்கள். கடப்பாரை நுனி ஆயில் சீலைத் தொடக்கூடாது. மெல்ல அழுத்திக்கொண்டே இருப்பதைவிட வெடுக்கென்று ஒரு நெம்பு நல்லது. வரவில்லையா, ஆக்சிலைக் கால் சுற்று திருப்பி மறுபடி நெம்புங்கள். கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது சுருங்குவதும் அடம்பிடிப்பதும் மாறும். மூன்று நான்கு திருப்பலில் விட்டுவிடுவதே வழக்கம். இரண்டு பக்க ஆக்சிலையும் ஒரே நேரத்தில் உருவ வேண்டாம். சில கியர்பாக்ஸ்களில் உள்ளிருக்கும் பல்சக்கரம் இடம் மாறிவிடும்.

நெம்பும்போது வண்டி ஆடும் என்பதால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம். தோட்டத்துச் செம்மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் 2 அங்குல கனப் பலகை போடுங்கள்; மழை பெய்த மண்ணில் ஸ்டாண்ட் சத்தமில்லாமல் புதையும்.

மாட்டும்போது சர்கிளிப், ஆயில் சீல், ஆக்சில் நட்டு மூன்றும் புதிது. நட்டின் கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் இருக்கும்போது, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு. பிறகு நட்டின் விளிம்பை ஆக்சில் பள்ளத்துக்குள் தட்டி மடக்குங்கள். ஆக்சில் இல்லாமலோ நட்டு இறுக்காமலோ வண்டியைச் சக்கரத்தில் உருட்டாதீர்கள். பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.