ஆள் ஏறலன்னா ரயில் வேண்டாமா? (வாசகர் கேள்வி-பதில்)

பின்தங்கின பகுதிகளுக்கு ரயில்ல முதலீடு போட்டா ஊர் முன்னேறும்னு போன இதழ்ல எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்துச்சு. ஒரே விஷயத்த பல பேர் கேட்டிருந்தா அதையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: ஏற ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு சார் ரயில்? காலிப் பெட்டிய இழுத்துட்டு ஓடுறது வரிப்பணத்துக்குக் கேடு. அந்தக் காசுல நாலு பஸ் விட்டா ஜனங்க நிம்மதியா போவாங்களே?

நீங்க கேக்குறதத்தான் 1963ல பிரிட்டன்ல ரயில்வே போர்டு தலைவரா இருந்த ரிச்சர்ட் பீச்சிங் ஒரு பெரிய அறிக்கையாவே எழுதினாரு. மொத்தப் பாதையில மூணுல ஒரு பங்கு வெறும் 1 சதவீதப் பயணிகளத்தான் சுமக்குது, அதனால 2,363 ஸ்டேஷன், கிட்டத்தட்ட 5,000 மைல் பாதை மூடிடலாம்னாரு. அதுல பெரும்பகுதிய மூடியும் விட்டாங்க. கேக்கும்போது நியாயமாத்தான் தெரியும், ஆனா அந்த எண்ணிக்கைய எப்படி எடுத்தாங்கன்னு பாத்தாத்தான் விஷயம் புரியும். 1961 ஏப்ரல்ல ஒரே ஒரு வாரம் கணக்கெடுத்தாங்க. கோடை லீவுல மட்டும் கூட்டம் அலைமோதுற கடற்கரை ஊருங்களுக்கு ஏப்ரல்ல எவன் போவான்? இன்னொண்ணு, டிக்கெட் எந்த ஸ்டேஷன்ல வாங்கினாங்களோ அந்த வருமானம் அந்த ஸ்டேஷன் பேர்லதான் ஏறும். பெரிய நகரத்துல டிக்கெட் எடுத்து இந்த சின்ன ஊருக்கு வந்து இறங்குறவங்க எத்தன ஆயிரம் பேரா இருந்தாலும் சரி, சின்ன ஸ்டேஷன் கணக்குல அந்த வருமானம் வராது. அப்புறம் கிளைப் பாதைய மூடினதும் அதுல ஏறி மெயின் லைனுக்கு மாறிட்டு இருந்த ஆளுங்களும் சேந்தே போயிட்டாங்க, அதனால எதிர்பாத்த அளவு காசும் மிச்சமாகல, நஷ்டமும் நிக்கல.

பஸ் விஷயத்துக்கு வரேன். பிரிட்டன்ல ரயில நிறுத்தின பல ஊர்ல மாத்து பஸ் விட்டுத்தான் பாத்தாங்க, ஊர் ஊரா சுத்திட்டு லேட்டா போய்ச் சேர்ற பஸ்ஸுல ஆள் குறைஞ்சுது, ஆள் குறைஞ்சுதுன்னு சொல்லி கொஞ்ச வருஷத்துல பல இடத்துல அந்த பஸ்ஸையும் எடுத்துட்டாங்க. நான் பஸ்ஸுக்கு எதிரி இல்ல, குறைஞ்ச தூரத்துக்கு பஸ் மாதிரி வசதி எதுவும் கிடையாது. ஆனா பஸ்ஸ நாளைக்குக் காலைலயே நிறுத்திடலாம், தண்டவாளம் போட்டுட்டா அவ்ளோ சுலபமா பிடுங்கிட்டுப் போக முடியாது. அந்த நம்பிக்கைலதான் ஒருத்தர் அங்க வீடு கட்டுறாரு, ஒரு கம்பெனி அங்க ஷெட் போடுது, ஒரு பொண்ணு அம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குற காலேஜ்ல சேர்றா.

கேள்வி: நான் பொருளாதாரம் படிக்கிறேன். ஒரு ரயில் திட்டத்தால இவ்ளோ நன்மைன்னு எந்த அடிப்படைல கணக்கு போடுறாங்க? ஏன் எப்பவும் பெரிய நகரத்துக்கே சாதகமா வருது?

நல்ல கேள்விம்மா, இந்தப் பேச்சோட அடிமடியே அங்கதான் இருக்கு. செலவு எவ்ளோ, நன்மை எவ்ளோன்னு ரெண்டையும் பணமா மாத்தி வகுத்துப் பாக்குறாங்க. நன்மைல பெரிய பங்கு மிச்சமாகுற நேரத்துக்குப் போகும். ஒரு ஆளுக்கு எத்தன நிமிஷம் மிச்சம், எத்தன ஆளு, அந்த நிமிஷத்தோட மதிப்பு என்ன, இந்த மூணையும் பெருக்குவாங்க. ஆபீஸ் வேலையா பயணம் போறவரோட நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம், ஆஸ்பத்திரிக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ போற கிழவியோட நிமிஷத்துக்கு மதிப்பு கம்மி. கூட்டம் ஏற்கெனவே நிறைஞ்சு வழியுற நகரத்துல மூணு நிமிஷம் மிச்சப்படுத்தினாலும் லட்சக்கணக்கான ஆளால பெருக்கும்போது தொகை மலையா நிக்கும். அங்க பணம் போடுவாங்க, பணம் போன இடத்துக்கு வேலை போகும், வேலை போன இடத்துக்கு ஜனம் போகும், அடுத்த தடவ கணக்கு போடும்போது அங்க கூட்டம் இன்னும் கூடியிருக்கும். விடுபட்ட ஊர்ல இதுக்கு நேர் எதிரா நடக்கும்.

இந்தக் கணக்குல வராத ஆள் ஒருத்தர் இருக்காரு, பயணமே போகாதவரு. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டும் காலைல ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வழியில்லன்னு விட்டுட்டவருக்கு மிச்சமான நேரம்னு ஒண்ணும் கிடையாது, ஏன்னா அவர் கிளம்பவே இல்ல. பிரிட்டன் அரசோட சமூக ஒதுக்கல் பத்தின பிரிவு 2003ல ஒரு அறிக்கை போட்டுச்சு, வேலை தேடுறவங்கள்ல அஞ்சுல ரெண்டு பேர் போக்குவரத்து இல்லாததே வேலை கிடைக்கத் தடையா இருக்குன்னு சொன்னதா அதுல வருது. அப்புறமும் கணக்கு போடுற முறை பெருசா மாறல. 2020லதான் அவங்க நிதித்துறை தன்னோட மதிப்பீட்டு வழிகாட்டிய திருத்தி, வெறும் விகிதத்த மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க, அந்தப் பகுதிக்கு என்ன நோக்கத்துக்காக செய்றோம்னு முதல்ல பாருங்கன்னு சொல்லுச்சு.

நோக்கத்த முதல்ல வச்சா என்ன நடக்கும்னு பாக்க நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு. ரயில்வேல புதுப் பாதைன்னா போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு இவ்ளோ சதவீதம் திரும்பி வரணும்னு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க. காஷ்மீர் பாதைய அந்த அளவுகோல்ல நிறுத்தியிருந்தா அது என்னைக்கும் பாஸ் ஆகியிருக்காது. 2002ல தேசியத் திட்டம்னு அறிவிச்சாங்க, 2025 ஜூன்ல 359 மீட்டர் உயரத்துல செனாப் பாலத்து மேல ரயில் ஓட ஆரம்பிச்சுது. மிசோரம்லயும் அப்படித்தான், 40க்கு மேல சுரங்கம் குடைஞ்சு 51 கிலோமீட்டர் பாதை போட்டு 2025 செப்டம்பர்ல அய்ஸ்வால் பக்கத்துல சாய்ராங் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. ரெண்டும் செஞ்சது சரிதான். அதே மனசு சமவெளில கிடக்குற வறண்ட, ஏழை மாவட்டங்களுக்கு மட்டும் ஏன் வரல? அங்க மட்டும் உடனே லாபம் எங்கன்னு கால்குலேட்டர எடுக்குறாங்களே, எனக்கு ஆத்தாமையே அதுதான்.

கேள்வி: புல்லட் ரயில் வேணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தைல முடியாதுங்க. ஸ்பெயின பாருங்க. முதல் அதிவேக ரயில 1992ல மாட்ரிட்டுல இருந்து செவில்லாவுக்கு, அதாவது பணக்காரப் பகுதியான பார்சிலோனாவுக்கு விடாம ஏழைத் தென்பகுதிக்குத்தான் விட்டாங்க. இன்னைக்கு சீனாவுக்கு அடுத்தபடியா உலகத்துலயே நீளமான அதிவேகப் பாதை அவங்ககிட்டத்தான் இருக்கு. அதே நாட்டுல எக்ஸ்ட்ரமதுரான்னு மேற்குப் பக்கம் ஒரு பகுதி, மின்சாரப் பாதையே இல்லாம பழைய டீசல் வண்டி வழியில நின்னு நின்னு போயிட்டு இருந்துச்சு. 2017 நவம்பர்ல அந்த ஜனங்க ஆயிரக்கணக்குல தலைநகருக்கே வந்து மானமா போற மாதிரி ஒரு ரயில் குடுங்கன்னு ஊர்வலம் போனாங்க. தெருயேல்னு இன்னொரு மாகாணம், அங்க "தெருயேலும் இருக்கு"ன்னு பேர் வச்சு 1999ல ஆரம்பிச்ச மக்கள் இயக்கம், 2019 தேர்தல்ல நின்னு பார்லிமென்ட்ல ஒரு சீட்டே ஜெயிச்சுது. ஒரு நாட்டுல நாங்களும் இருக்கோம்னு சொல்றதுக்கே கட்சி ஆரம்பிக்க வேண்டியிருக்குன்னா பாத்துக்கோங்க. வேகம் தப்பில்ல, பழைய பாதைக்குப் போக வேண்டிய பணத்த அது முழுங்கினா தப்பு.

கேள்வி: ரயில் வந்தா ஊர் முன்னேறிடும்னு எழுதறீங்க. ரயில் இருந்தும் அழிஞ்ச ஊரு இல்லையா?

இருக்கு, மறைக்கல. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல யூபாரின்னு ஒரு நிலக்கரி ஊரு, 1960 வாக்குல லட்சத்துக்கு மேல ஜனம், இப்ப பத்தாயிரத்துக்கும் கீழ. ரயில் இருந்துச்சு, சுரங்கமெல்லாம் மூடின பிறகு 2007ல ஊரே திவாலாச்சு, 2019ல கடைசியா மிச்சமிருந்த கிளைப் பாதையும் போச்சு. அந்த ஊரு மேயரே முன்வந்து, ரயில நிறுத்திக்கோங்க, பதிலுக்கு எங்களுக்கு நல்ல பஸ் வசதி பண்ணிக் குடுங்கன்னு பேரம் பேசினாரு. நிலைமை அப்படி. தண்டவாளம் மட்டும் வேலைய உண்டாக்காது. ஜப்பான்காரங்க இன்னொண்ணும் சொல்லுவாங்க, வேகமான பாதை வந்ததும் சின்ன ஊரோட வியாபாரத்தையும் இளசுகளையும் பெரிய நகரம் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிடும்னு. அது நடக்குறதும் உண்மைதான்.

ஆனா வேற மாதிரியும் நடந்திருக்கு. வேல்ஸ்ல எப்வேல்னு ஒரு எஃகு ஊரு. 1962ல பயணிகள் ரயில் போச்சு, 2002ல எஃகு ஆலையும் மூடிட்டாங்க. 2008ல கார்டிஃப் நகரத்துக்கு மறுபடி ரயில் விட்டதும் அதிகாரிங்க கணிச்சதுக்கு மேல ஆள் ஏற ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலாந்துல ஆஷிங்டன்னு பழைய சுரங்க ஊருக்கு 60 வருஷம் கழிச்சு 2024 டிசம்பர்ல நியூகாசில் ரயில் திரும்பி வந்துச்சு. இங்கெல்லாம் ஊர்ல வேலை இல்லன்னாலும் வேலை இருக்குற நகரம் எட்டுற தூரத்துல இருந்துச்சு. யூபாரிக்கு அந்த வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதனால முதல்ல கேக்க வேண்டியது இந்தப் பாதை எந்த வேலைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் எந்தக் காலேஜுக்கும் கொண்டு போய் விடும்ங்கறதத்தான்.

கேள்வி: பணம் ஒதுக்கியாச்சு, பாதை போட்டாச்சுன்னு பேப்பர்ல வருது. ஆனா ஜனங்களுக்குப் பிரயோஜனமே இல்லையே, ஏன்?

ஒதுக்கீடுன்னு சொன்னதும் நம்பிடாதீங்க. எந்த ரயில் திட்டத்துக்கு எவ்ளோ பணம்னு பட்ஜெட்டோட வர்ற பிங்க் புக்ல பல புதுப் பாதைக்கு நேரா வெறும் 1,000 ரூபா போட்டிருப்பாங்க. திட்டத்த ரத்து பண்ணல, உயிரோட வச்சிருக்கோம்னு காட்டுறதுக்குத்தான் அது, அதுல ஒரு ஸ்லீப்பர் கட்டை கூட வராது.

போட்ட பாதையோட கதை இன்னும் வேதனை. காரைக்குடி-திருவாரூர் பாதைய அகலப்பாதையா மாத்த வருஷக்கணக்கா ரயில் இல்லாம போட்டு வச்சிருந்தாங்க, 2019 ஜூன்ல ஒருவழியா வண்டி விட்டாங்க. 150 கிலோமீட்டர் போக 6 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. காரணம் தண்டவாளம் இல்ல, கேட்கீப்பர் போடல. வண்டிலயே ஆள ஏத்திக்கிட்டுப் போனாங்க. கேட்டுக்கு முன்னாடி வண்டி நிக்கும், முன்னாடி இருக்குறவர் இறங்கிப் போய் கேட்ட சாத்துவாரு, வண்டி தாண்டி மறுபடி நிக்கும், பின்னாடி இருக்குறவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவாரு, அப்புறம் அடுத்த கேட்டு. வழி நெடுக இப்படியே. அந்த வண்டில யாரு ஏறுவா? ஆள் ஏறலன்னு அதையே அப்புறம் புள்ளிவிவரமாவும் எடுத்துக்குவாங்க. கோடிக்கணக்குல பாதைக்கு செலவு பண்ணிட்டு அத ஓட்டுறதுக்கு ஆள் போடாம விட்டா முதலீடுன்னு அதுக்குப் பேரே கிடையாது.

நேரமும் முக்கியம். காலைல ஷிப்ட்டுக்கு முன்னாடி போய்ச் சேரணும், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு திரும்ப ஒரு வண்டி இருக்கணும், இந்த ரெண்டும் இல்லன்னா நடுப்பகல்ல நாலு வண்டி ஓடியும் கூலி வேலைக்காரங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. முன்பதிவில்லாப் பெட்டி எத்தனன்னு பாருங்க, பிளாட்பாரம் உயரம் பாருங்க. தரையோட தரையா இருக்குற பிளாட்பாரத்துல இருந்து வயசானவங்களும் சக்கர நாற்காலில வர்றவங்களும் எப்படிங்க ஏறுவாங்க? அவங்களுக்கு அந்த ஊர்ல ரயிலே இல்லன்னுதான் அர்த்தம்.

கேள்வி: மனு குடுத்துக் குடுத்து சலிச்சுப் போச்சு. இதெல்லாம் எங்கயாவது பலிச்சிருக்கா?

பலிச்சிருக்கு, ஆனா ரொம்ப நாளாச்சு. ஸ்காட்லாந்துல எடின்பரோவுல இருந்து தெற்கா எல்லைப் பகுதி வழியா போன வேவர்லி பாதைய மூடப் போறாங்கன்னதும், ஹாவிக் ஊர்ல மேட்ஜ் எலியட்னு ஒரு அம்மா 1968ல ஆயிரக்கணக்கான கையெழுத்து வாங்கி லண்டனுக்கே கொண்டு போய் பிரதமர் வீட்டுல குடுத்தாங்க. கேக்கல. 1969 ஜனவரி மாசம், கடைசி ரயில் ராத்திரி நியூகாசில்டன்ங்கற கிராமத்துக்கு வந்தப்போ ஊர் ஜனங்க லெவல் கிராசிங் கேட்ட சாத்திக்கிட்டு தண்டவாளத்துல நின்னுட்டாங்க, ஊர் பாதிரியாரையே போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு, வண்டில வந்துட்டு இருந்த எம்.பி. டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து பேசி அவர விடுவிச்ச பிறகுதான் வழி விட்டாங்க. அதோட பாதை போச்சு. 1999ல ஒரு இயக்கம் மறுபடி ஆரம்பிச்சு விடாம கேட்டு, 2015 செப்டம்பர்ல எடின்பரோல இருந்து ட்வீட்பாங்க் வரைக்கும் 30 மைல் பாதை திரும்ப வந்துச்சு. முதல் வருஷத்துலயே பத்து லட்சத்துக்கு மேல பயணம். குறிப்பா கடைசியா இருக்குற ட்வீட்பாங்க், கலஷீல்ஸ், ஸ்டோ ஸ்டேஷன்கள்ல கணிப்ப விட நிறைய பேர். காசு மிச்சம் பிடிக்கணும்னு பெரும்பகுதிய ஒத்தை வழியா போட்டதால இப்ப ஒரு வண்டி லேட்டானா எல்லாமே லேட்டாகுது. ஹாவிக்குக்கு இன்னும் ரயில் வரல, அந்த இயக்கம் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கு.

உங்க மனுவுல "எங்க ஊருக்கு ரயில் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரில புறநோயாளி சீட்டு எத்தன மணிக்கு முடியுது, முதல் பஸ் எத்தன மணிக்குப் போய்ச் சேருது, காலேஜ்ல இடம் கிடைச்சும் போக முடியாம நின்ன பசங்க எத்தன பேர், வாகனம் இல்லாத வீடு எத்தனன்னு தெருத்தெருவா எழுதி வாங்குங்க. ஏற்கெனவே பாதை இருந்தா எந்த நேரத்துல வண்டி வேணும்னு நிமிஷத்தோட கேளுங்க. எம்.பி. கிட்ட ஒரு காப்பி, ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு காப்பி. பதில் வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, எங்க பாதைக்கு மதிப்பீடு எந்த வருஷம் எடுத்தீங்க, எத்தன நாள் கணக்கெடுத்தீங்கன்னு கேட்டு ஒரு மனு போடுங்க.