பெட்டியில் சீட்டு விழாத மாதம்

சிறை, விடுதலை, மறுவாழ்வு பற்றி வந்த வாசகர் கேள்விகள். இங்கிலாந்தில் ஒரு திறந்தவெளிச் சிறையில் ஆறு வருஷம் சுயேச்சைக் கண்காணிப்புக் குழுவில், அதாவது எல்லோரும் ஐ.எம்.பி. என்று சொல்லும் குழுவில், தொண்டராக இருந்தவர் பதில் எழுதுகிறார். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

தம்பி, என்ர மகனை போன மாசம் திறந்தவெளி மறியலுக்கு மாத்தினவை. மூண்டு கிழமையா பல்லு வலி எண்டு சொல்லுறான், பேர் குடுத்ததோட சரி, ஒருத்தரும் கூப்பிடேல்லை. நான் எங்கையாவது சொல்லட்டோ எண்டு கேட்டால், "வேண்டாம் அம்மா, முறைப்பாடு செய்தால் திருப்பிப் பழைய இடத்துக்கே அனுப்பிப் போடுவாங்கள்" எண்டு பயப்பிடுறான். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், ஹாரோ

அம்மா, உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரியை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பூட்டிய சிறையில் இருப்பவர் கோபம் வந்தால் கத்துவார், படிவத்தை எடுத்து எழுதுவார், அவருக்கு இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. திறந்தவெளிக்கு வந்தவர் நிலைமை வேறு. அறைச் சாவி அவர் கையிலேயே இருக்கிறது, வெளியே வேலைக்குப் போகலாம், நாள் வந்தால் ஓர் இரவு வீட்டில் தங்கிவிட்டு வரலாம், இத்தனையும் யாரோ ஒரு அதிகாரியின் ஒரு கையெழுத்தில் போய்விடும் என்ற பயத்தில் பல்வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

நான் சேர்ந்த முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு சிறையிலும் எங்கள் குழுவுக்கென்று பூட்டுப் போட்ட பெட்டி சுவரில் இருக்கும், சாவி எங்களிடம் மட்டும்தான். ஒரு மாதம் முழுக்க அதில் ஒரு சீட்டுகூட விழவில்லை. சரி, யாருக்கும் குறை இல்லை போலிருக்கிறது என்று அறிக்கையில் எழுதப் போனேன். கூட இருந்த மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற நர்ஸ் அவர், "பெட்டி இருக்கிற இடத்தில் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வா" என்றார். போய் நின்றால், அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே. சீட்டைப் போடும் கை யாருடையது என்று உள்ளே டீ குடித்துக்கொண்டு இருப்பவருக்குத் தெரியும். நூலகத்துப் பக்கம் மாற்றச் சொல்லி இரண்டு மாதம் விடாமல் கேட்டு மாற்ற வைத்தோம். மாற்றிய மாதமே பதினொரு சீட்டு விழுந்தது, அதில் நான்கு பல் வைத்தியம் பற்றியது.

இப்போது உங்கள் விஷயம். மருத்துவம் சம்பந்தப்பட்ட குறை என்றால் முதலில் சிறையின் மருத்துவப் பிரிவுக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர்களுக்குத் தனி முறைப்பாட்டு வழி இருக்கிறது, அதிலும் சரிவராவிட்டால் சுகாதார ஆம்பட்ஸ்மனிடம், அதாவது குறைகளை விசாரிக்கும் சுயேச்சை அதிகாரியிடம், போகலாம். மற்ற குறைகளுக்குச் சிறையின் படிவம், பிறகு மேல்முறையீட்டுப் படிவம், அந்தக் கடைசிப் பதில் வந்து மூன்று மாதத்துக்குள் சிறைகள் மற்றும் ப்ரொபேஷன் (விடுதலையானவர்களை மேற்பார்வை செய்யும் துறை) ஆம்பட்ஸ்மன். இதற்கெல்லாம் முன்போ நடுவிலோ எப்போது வேண்டுமானாலும் மகன் ஐ.எம்.பி.க்கு ஒரு சீட்டுப் போடலாம். நீங்களே அந்தச் சிறையின் பெயரைப் போட்டு ஐ.எம்.பி. தலைவருக்குக் கடிதமும் எழுதலாம். எங்களிடம் பேசியதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது பிரிட்டன் கையெழுத்திட்ட சர்வதேச உடன்படிக்கையிலேயே, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் துணை நெறிமுறையில், இருக்கிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். அவர் இன்னும் பயந்தால் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் எழுதுங்கள்.

அண்ணா, மதிலே இல்லாத சிறையில் கண்காணிக்க என்ன இருக்கிறது? டிவி, தோட்டம், வேலை என்று ஓய்வு விடுதி மாதிரிதானே வைத்திருக்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், க்ராய்டன்

தம்பி, பல இடங்களில் மதில் இல்லை என்பது உண்மை. 1936-இல் வேக்ஃபீல்ட் சிறைக்குப் பக்கத்தில் நியூ ஹால் காட்டில் பெரியவர்களுக்கான முதல் திறந்தவெளி முகாம் போட்டபோதே மதில் கட்டவில்லை. அலெக்சாண்டர் பேட்டர்சன் என்ற சிறை ஆணையர்தான் அதற்குப் பின்னால் இருந்தவர், அடைத்து வைத்துக்கொண்டு ஒருவனை விடுதலைக்குப் பழக்க முடியாது என்பது அவர் வாதம். போருக்குப் பிறகு 1946-இல் லேஹில் திறந்தவெளிச் சிறை வந்தது, அடுத்த வருஷம் பெண்களுக்கு ஆஸ்கம் கிரேஞ்ச்.

ஆனால் இடத்தைப் போய்ப் பார்த்தால் ஓய்வு விடுதி என்ற பேச்சு வராது. ஃபோர்ட் சிறை பழைய கடற்படை விமானத்தளம். நார்த் ஸீ கேம்ப் கடலோரச் சேற்று நிலத்தில் 1935-இல் தண்டனை பெற்ற இளம் பையன்களை நடத்திக் கூட்டிவந்து மண் அணை போட வைத்துத் தொடங்கியது. இப்படிப் பழைய ராணுவக் குடியிருப்புகளில் மழைக்காலத்தில் ஒரு ஈரவாடை வரும், நான் போன இடத்தில் ஒருவர் தன் ஒரே நல்ல சட்டையை, வேலை நேர்காணலுக்கு வைத்திருந்ததை, பூஞ்சை பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அவராக இதைச் சொல்லவில்லை, நான் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசியதால் தெரிந்தது.

மதில் இல்லாததால் வரும் ஆபத்தும் உண்டு. 2011 புத்தாண்டு அன்று ஃபோர்டில் கலவரம் வெடித்துக் கட்டடங்கள் எரிந்தன. உள்ளே மது புழங்குகிறது என்று மூச்சுப் பரிசோதனை செய்யப் போனதில் ஆரம்பித்தது. அன்று இரவு கிட்டத்தட்ட 500 பேருக்கு இருந்த ஊழியர்கள் 6 பேர், அதிலும் முறையான சிறை அதிகாரிகள் இரண்டே பேர். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் கண்காணிப்புதான் தம்பி, அதற்கு இரவில் போக வேண்டும்.

அடுத்த மூன்று மாதத்தில் என் அண்ணன் திறந்தவெளிச் சிறையிலிருந்து விடுதலையாகிறார். மறுவாழ்வு ஏற்பாடு எல்லாம் அவர்களே செய்வார்கள் என்கிறார். நம்பலாமா? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
— பெயர் வேண்டாம் என்றவர், லெஸ்டர்

நம்புங்கள், ஆனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். திறந்தவெளிச் சிறை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான், மற்றதெல்லாம் அப்புறம். குழுவில் நாங்கள் சாப்பாட்டையும் குளியலறையையும் பார்த்தோம்தான், ஆனால் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது விடுதலைப் பட்டியல். வெள்ளிக்கிழமை போக வேண்டியவருக்குப் புதன்கிழமை வரை முகவரி இல்லை என்றால் அவருடைய இத்தனை வருஷ முயற்சியும் அந்த இரண்டு நாளில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை விடுதலையே பெரிய தொல்லையாக இருந்தது, வீட்டு வசதி அலுவலகம், வங்கி, மருந்து எல்லாம் திங்கள் வரை மூடி. 2023-இல் சட்டம் கொண்டுவந்து, தேவைப்படுகிறவரை இரண்டு நாள் முன்னதாகவே விடலாம் என்று செய்தார்கள். அண்ணனுடைய நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

தங்க வீடு இல்லாவிட்டால் ப்ரொபேஷன் வழியாக 84 இரவுகள் வரை தற்காலிக இருப்பிடம் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அதற்கும் முன்கூட்டியே அவருடைய ப்ரொபேஷன் அதிகாரி பெயர் கொடுத்திருக்க வேண்டும், 84 இரவுக்குப் பிறகு எங்கே என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீட்டுக்கே வருகிறார் என்றால் அந்த முகவரியைச் சரிபார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கு உள்ளே இருக்கும்போதே தொடங்கலாம். அடையாளச் சான்று இல்லாமல் வெளியே வந்தால் வீடும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது, சம்பளம் போட இடமும் இருக்காது, ஒன்றுக்கொன்று கட்டிப் போட்ட மாதிரி எல்லாம் நின்றுவிடும்.

வேலை விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தற்காலிக அனுமதியில் வெளியே போவதை உள்ளே எல்லோரும் "ராட்டில்" என்பார்கள். போகிறவர்களில் 100-க்கு 99 பேருக்கு மேல் சொன்ன நேரத்துக்கு ஒழுங்காகத் திரும்பி வருகிறார்கள், அப்படிப் போய் வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைகிறது என்று நீதி அமைச்சகத்தின் 2018 ஆய்வே சொல்கிறது. வெளியே சம்பாதித்தால் வாரம் 20 பவுண்டுக்கு மேல் வரும் நிகரச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை பிடித்துப் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புக்குக் கொடுப்பார்கள், 1996-இல் எழுதிய சட்டம், 2011-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றி என்னிடம் குறை சொன்னவர்கள் சிலரே. பெரும்பாலோர் சொன்ன குறை பஸ்.

ஆமாம், பஸ். ஒருவருக்குப் பேக்கரியில் வேலை கிடைத்தது, ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. சிறை வாசலுக்கு முதல் பஸ் 7.10-க்கு. சிறையின் மினிபஸ் ஓட்டுநர் நீண்ட விடுப்பில் இருந்தார், மாற்று ஆள் போடவில்லை. நடந்து போகிறேன் என்றார், ஐந்து மைல், நடைபாதை இல்லாத சாலை, இருட்டு, அனுமதி மறுத்தார்கள், அது நியாயமும்கூட. வேலை போய்விட்டது. அவர் யாரிடமும் முறையிடவில்லை, அறைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். மினிபஸ் பதிவேட்டை எடுத்துப் பார்த்ததில்தான் ஏழு வாரமாக வண்டி நகரவே இல்லை என்று தெரிந்தது. மூன்று மாதம் தொடர்ந்து மாத அறிக்கையில் எழுதினோம், நான்காவது மாதம் ஓட்டுநர் வந்தார். அந்த மனிதருக்கு அது பயன்படவில்லை, அதற்குள் பேக்கரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அதனால் அண்ணனிடம் "வேலை இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள், எப்படிப் போய் வருகிறார் என்று கேளுங்கள்.

அமைச்சர் நியமிக்கும் குழுவை எப்படிச் சுயேச்சை என்று சொல்கிறீர்கள்? உங்களுக்கு ஏதாவது அதிகாரம் உண்டா?
— வாசகர், சௌத்தால்

நியாயமான கேள்வி. நியமிப்பது அமைச்சர்தான், பயணச் செலவைத் தருவதும் அவருடைய துறைதான், இதை நான் மறைக்க மாட்டேன். உத்தரவு போடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. முன்பு போர்டு ஆஃப் விசிட்டர்ஸ் என்று பெயர் இருந்த காலத்தில் கைதிகளுக்குத் தண்டனை விதிக்கும் வேலையும் இதே குழுவிடம் இருந்தது, 1992-இல் அதை எடுத்துவிட்டார்கள், நல்ல வேளை. தண்டனை கொடுத்தவரிடம் போய் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்?

இருப்பது வேறு. 1952 சிறைச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் உறுப்பினரை எந்த நேரமும், எந்த இடத்துக்கும், எந்தக் கைதியிடமும் போக விடுகின்றன. அதிகாரியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் தனியாகப் பேசலாம், பதிவேடுகளைப் பார்க்கலாம். வருஷாந்திர அறிக்கை அமைச்சருக்குப் போகும், பொதுவிலும் வெளியாகும். முழு நேர ஆய்வுத் துறை ஒன்று தனியாக இருக்கிறது, ஆனால் அவர்கள் வந்து சில நாள் பார்த்துவிட்டுப் போவார்கள். வாரா வாரம் போகிறவருக்குத்தான் மினிபஸ் ஏழு வாரமாக அதே இடத்தில் நிற்பது தெரியும். என்னைக் கேட்டால் அறிக்கைக்கு அமைச்சர் இத்தனை நாளுக்குள் செயலில் பதில் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். இப்போது கடிதத்தில் பதில் வருகிறது, ஒரே குறை மூன்று நான்கு வருஷ அறிக்கைகளில் தொடர்ந்து வருவதும் நடக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, விவசாயம் செய்கிறார்கள். அங்கே இப்படி யாராவது போய்ப் பார்க்க முடியுமா சார்?
— வாசகர், காளையார்கோவில்

வழி இருக்கிறது. 1894 சிறைச் சட்டத்திலேயே பார்வையாளர்களை நியமிக்க இடம் உண்டு, தமிழ்நாடு சிறை விதிகள் 1983-லும் அலுவல்சார் பார்வையாளர், அலுவல்சாராப் பார்வையாளர் என்று இரண்டு வகை இருக்கிறது, இரண்டாவது வகையில் பொதுமக்களில் ஒருவர் வரலாம். அப்புறம் சுனில் பத்ரா வழக்கு. திகார் சிறையிலிருந்து ஒரு கைதி இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், சிறைகளில் குறைதீர் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட ஆட்சியர், செஷன்ஸ் நீதிபதி பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி இருக்கிறதா, யார் திறக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். அலுவல்சாராப் பார்வையாளர் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பதையும் அதிலேயே கேளுங்கள். நான் முன்பு சொன்ன சர்வதேச துணை நெறிமுறையில் இந்தியா சேரவில்லை, இலங்கை 2017-இல் சேர்ந்துவிட்டது.

எனக்கு வயது 61, ஓய்வு பெற்றுவிட்டேன். நானும் சேரலாமா அண்ணா?
— வாசகி, மில்டன் கீன்ஸ்

தாராளமாக. 18 வயது முடிந்தால் போதும், சட்டப் படிப்பு வேண்டாம். சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவு கிடைக்கும், மாதத்தில் சில நாள் ஒதுக்க வேண்டும். அந்தச் சிறைக்குச் சரக்கு சப்ளை செய்யும் ஒப்பந்தத்தில் உங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு இருக்கக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்புக்கு நாளாகும், பொறுமையாக இருங்கள். பல குழுக்களில் ஆள் பற்றாக்குறை, தமிழ் பேசுகிறவர் ஒருவர் வந்தால் இன்னொரு கைதியை மொழிபெயர்க்க வைத்துத் தன் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டிய நிலை சிலருக்காவது இல்லாமல் போகும்.

முதல் தடவை மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். வரிசையில் நின்று அவர்கள் சாப்பிடுவதையே வாங்கி, அவர்கள் மேசையிலேயே உட்காருங்கள். சீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.