களிமண் ஆமை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் களிமண் வகுப்பு எடுக்கிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை உள்ளவர்கள். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்து அடுக்கிக் கட்டுவது, தகடாகத் தேய்த்து மடிப்பது, மேலே கோடும் புள்ளியும் பதிப்பது என்று எல்லாம் கைவேலைதான். செய்தவற்றை ஊருக்கு வெளியே ஒரு குயவரின் சூளையில் சுட்டு வாங்குகிறேன். போன மாதம் பாதிக்கு மேல் வெடித்துவிட்டன. பெற்றோருக்கு வருத்தம், இரண்டு பேர் குழந்தைகளை நிறுத்திவிட்டார்கள். உள்ளே காற்று நின்றால் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா? அச்சு வாங்கினால் பொருள் சீராக வரும் என்று ஒரு அம்மா சொல்கிறார், வாங்கலாமா? மண்வேலை செய்தால் கையெழுத்து நன்றாக வருமா? இன்னொன்று. ஓட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு மிக அழகாக ஆமை செய்த ஒரு பையன், காயவைக்கப் போகும் நேரத்தில் அதைத் தானே நசுக்கிவிட்டான். கோபத்தில் திட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெடிக்கக் காரணம் காற்று அல்ல, ஈரம். தடித்த இடத்தின் உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், வழி கிடைக்காவிட்டால் உடைத்துக்கொண்டு வரும். யானையோ ஆமையோ, குழந்தைகள் உடம்பைக் கெட்டி உருண்டையாகத்தான் பிடிப்பார்கள். அடியிலிருந்து குடைந்துவிடச் சொல்லுங்கள். சுவர் சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் வேண்டாம். நிழலில் ஒரு வாரமாவது காயட்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. காலும் வாலும் ஒட்டும் இடத்தை இரு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினால் கழன்று விழாது.

கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. குழந்தை மண்ணைத் தொடுவதற்கு இப்படி ஒரு சாக்கு எதற்கு?

உங்கள் கடிதத்தில் பெற்றோர் வருகிறார்கள், குயவர் வருகிறார், சூளை வருகிறது. குழந்தை என்று பார்த்தால் ஒரே ஒருவன்தான் வருகிறான், அவனும் திட்டு வாங்க வருகிறான். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். அந்தப் பையன் ஏன் நசுக்கினான் என்று கேட்டீர்களா? ஓட்டில் கட்டம் போட்டு முடித்ததும் அவனுக்கு அந்த ஆமையோடு வேலை தீர்ந்திருக்கும். கையில் இருந்தது மறுபடியும் மண். அதை வைத்து அடுத்தது என்ன செய்யலாம் என்று அவன் போய்க்கொண்டிருக்கிறான். அந்த ஆமை யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சாமான் என்று நினைத்தவர் நீங்கள்.

எல்லாவற்றையும் எதற்காகச் சுடுகிறீர்கள்? சூளையில் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரியைத் தொடும்போது மண்துகளுக்குள் கட்டுண்டிருக்கும் நீரும் போய்விடும். அதற்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் அது மண்ணாகாது, ஓடுதான். அதுவரை, எவ்வளவு காய்ந்திருந்தாலும், மண்ணாகத் திரும்ப முடியும். குழந்தைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறீர்களா? நன்றாகக் காய்ந்த ஒரு யானைப் பொம்மையை ஒரு கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். சரசரவென்று குமிழிகள் கிளம்பும். முதலில் காது விழும், பிறகு தும்பிக்கை, கொஞ்ச நேரத்தில் அடியில் குழைந்த சேறு. பாதி ஈரமாக இருப்பதைப் போட்டால் இப்படிக் கரையாது, கட்டியாகவே கிடக்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு என் அத்தை வாய்க்கால் மண்ணில் பிள்ளையார் பிடிப்பார். கிரீடத்தைச் சுற்றி ஒரு நெல்லை வரிசையாக அழுத்தி அழுத்தி எடுப்பார், மணி பதித்த மாதிரி பள்ளம் பள்ளமாக விழும். இடுப்பில் கட்டிய பாம்புக்குச் செதில் வேண்டும் என்றால் சீப்பைச் சாய்த்துப் பிடித்து ஒரு அழுத்து. கண்ணுக்குக் குன்றிமணி. மிச்ச மண் எங்களுக்கு. ஆளுக்கு ஒரு மூஞ்சூறு செய்து கீழே வைக்க வேண்டும். என்னுடையது பெருச்சாளி மாதிரி இருந்தாலும் அத்தை அதன்மேல் கை வைத்ததில்லை. சரிசெய்ய வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, ஏனென்றால் மூன்றாம் நாள் எல்லாம் கிணற்றுக்குள் போகப்போகிறது. அடுத்த வருஷம் பிள்ளையாரின் முகமே வேறாக இருக்கும். போன வருஷத்து முகம் எங்கே என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இப்போது உங்கள் வகுப்பைப் பாருங்கள். பொருள் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று முடிவுசெய்த நிமிடமே பெரியவர்களின் கை உள்ளே நுழைந்துவிடும். அம்மா பார்ப்பார் என்பதற்காக நீங்கள் தண்ணீர் தொட்டு வழவழப்பாக்குவீர்கள். குழந்தை அழுத்திய விரல்தடம் போய்விடும். அப்புறம் தும்பிக்கையைக் கொஞ்சம் நேராக்குவீர்கள். அதற்கடுத்த படிதான் அச்சு. கொலு பொம்மை செய்கிறவர்களுக்கு அது பிழைப்பு, அவர்களை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆறு வயதுக் குழந்தையின் கையில் அச்சைக் கொடுப்பது, அதன் விரலுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்வது. தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த அம்மா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மேற்பரப்பில் பதிக்கிற வேலைக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே துணிமேல் மண்ணை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால் ஒரே தடிமனில் தகடு கிடைக்கும். அதன்மேல் சாக்கை அழுத்தலாம், பாகற்காயை உருட்டலாம், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் குத்தலாம், பழைய புடவையின் சரிகைக் கரையை வைத்துத் தேய்க்கலாம். மண் அதிக ஈரமாக இருந்தால் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்துவிட்டால் அழுத்தும்போதே விளிம்பு பிளக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, விரலில் ஒட்டாது, ஆனால் நகம் இறங்கும். அதை வாயால் சொல்லித்தர முடியாது. பதித்து, அழித்து, மறுபடி தேய்த்து, மறுபடி பதித்துத்தான் கைக்குத் தெரியவரும். வீட்டுக்குக் கொண்டுபோகும் தகடு என்றால் எந்தக் குழந்தை அழிக்கும்? ஒரு முறை பதிக்கும், பத்திரமாக எடுத்துவைத்துவிடும். அன்றைக்குக் கற்றது அவ்வளவுதான்.

சுட்டவை நிலைக்கின்றன, அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள் சிலவற்றின் கழுத்தைச் சுற்றி மண்பட்டை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போயிருப்பார்கள். அந்த விரல்பள்ளம் ஒன்றில் என் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், சிலிர்த்துப்போனது. ஆனால் அவர்களுக்குத் தாழி தேவைப்பட்டது, சுட்டார்கள். ஐயனாருக்குப் புரவி, அதாவது மண்குதிரை, செய்யும் வேளார் என்ற குயவர்களைப் பாருங்கள். மண்ணோடு உமியும் மணலும் கலந்து, நான்கு கால்களையும் தூண் மாதிரி நிறுத்தி, அவை இறுகிய பிறகு மேலே வயிற்றைக் கட்டி, கழுத்து மணியும் சேணமும் தனித்தனியாக உருட்டி ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் எழுப்புகிறார்கள். சுட்டுக் கோயில் முன்னால் நிறுத்திய பிறகு யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் போனால் காது போன குதிரை, முகம் போன குதிரை என்று வெயிலிலும் மழையிலும் நிற்கும். அடுத்த புரவியெடுப்புக்குப் புதுக் குதிரை வரும். அவ்வளவு உழைத்தவர்களே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு சனிக்கிழமை ஆமையை நாம் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

சரி, சூளையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பருவத்துக்கு ஒரு முறை போதும். எதைச் சுடுவது என்று குழந்தை சொல்லட்டும். எதுவும் வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேளுங்கள். பெற்றோரை ஒரு நாள் வரவழைத்து மண் கொடுத்து உட்காரவையுங்கள், பேச்சு குறையும். நிறுத்திய இரண்டு குழந்தைகளின் வீட்டுக்கு நீங்களே போய்க் கூப்பிடுங்கள். வெடித்ததற்கு அந்தக் குழந்தைகளா பொறுப்பு?

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு அவனைக் கூச்சப்படுத்த வேண்டாம். அடுத்த வாரம் மண்வாளி அவன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். காய்ந்ததை உடைத்து ஊறப்போடுவது, மேல்தண்ணீரை வடிப்பது, சேற்றைத் துணியில் பரப்பிப் பதம் வந்ததும் பிசைந்து உருட்டுவது எல்லாம் அவன் செய்யட்டும். உங்களைவிட நன்றாகச் செய்வான் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த களிமண் தூசி குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆகாது.

அன்புடன்.