தழும்போடு எழுந்தவர்

அன்புள்ள ஐயா,
கோவிட் காலத்தில் இறந்த அப்பாவை எரிக்க வேண்டியதாயிற்று. எரித்த உடல் கடைசி நாளில் எப்படி எழும் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். உடல் வெறும் சட்டைதானே, ஆன்மா போதாதா என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். சரிதானா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பாவைப் பற்றிய பயத்தை இன்றோடு விடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே எரிப்பதை அனுமதித்துவிட்டது. சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்கச் சொல்லி 2016இல் ஓர் அறிவுறுத்தல் வந்தது, அவ்வளவுதான். கி.பி. 177இல் லியோன் நகரில் மறைசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்ட கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், இவர்களுக்கு உயிர்ப்பே இருக்கக்கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் பேசுவது அந்தக் கொலைகாரர்களின் கணக்கு. எப்படி எழும் என்பதற்குத் திருத்தூதர் பவுல், மண்ணில் மடிந்து வேறு உருவில் முளைக்கும் விதையைக் காட்டியிருக்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'சட்டை' என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கீதையில் அது அழகான உவமை, அங்கே பொருந்தும். ஜெபமாலை எடுக்கும்போதெல்லாம் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்கிற நீங்கள் அதை எழுதலாமா? லூக்காவின் கடைசி அதிகாரத்தைத் திறங்கள். ஆவி என்று சீடர்கள் மிரள்கிறார்கள். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, ஒரு துண்டு சுட்ட மீனை அவர்கள் கண்முன்னே தின்கிறார் இயேசு. தோமாவுக்குக் காட்டியது கையையும் விலாவையும். சாவையே வென்ற உடலில் ஆணித் தழும்பு ஏன் மறையவில்லை? அந்த உடல் பட்ட பாடெல்லாம் அவர்தான். சட்டையில் தழும்பு விழுமா, தம்பி? மறைசாட்சிகளின் தழும்புகள் உயிர்த்த உடலிலும் தெரியலாம், அங்கே அவை அழகாகத்தான் இருக்கும் என்று புனித அகுஸ்தினாரும் எழுதியிருக்கிறார்.

என் அம்மாவின் இடது கட்டைவிரலில் அரிவாள்மனை வெட்டு ஒன்று உண்டு. மீன் நறுக்கும்போது பட்டது. அப்புறம் அந்த நகம் இரண்டாகப் பிளந்தேதான் வளர்ந்தது. சின்ன வயதில் தூக்கம் வரும்வரை அந்தப் பிளவைத் தடவிக்கொண்டே கிடப்பேன். பெட்டியை மூடுமுன் கடைசியாகத் தொட்டதும் அதைத்தான். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, நான் காத்திருப்பது அந்த விரலுக்காக.

உங்கள் அப்பாவின் கை எப்படி இருக்கும்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.