டர்பனில் போலீஸ் ஊதச் சொன்னால் மறுக்கலாமா?

தம்பி, வேலைக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நண்பர்கள் வீட்டு பிராயில் (இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து) ஒரு பீர் குடித்துவிட்டு கார் ஓட்டலாமா, போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன்: கிடையாது.

இங்குள்ள 1996ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65வது பிரிவு, ஊதவோ ரத்தம் கொடுக்கவோ மறுப்பதையே குற்றம் என்கிறது. சிலர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "எந்தச் சந்தேகத்தில் நிறுத்தினீர்கள்" என்று மெட்ரோ போலீஸிடம், அதாவது நகரப் போலீஸிடம், மல்லுக்கு நிற்பார்கள். வீண் வேலை. சந்தேகம் இல்லாமலே வண்டியை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம், மூச்சில் 1000 மில்லிக்கு 0.24 மில்லிகிராம், இதைத் தொட்டாலே குற்றம். டாக்சி, பஸ் மாதிரி தொழில்முறை பெர்மிட்டில் ஓட்டுகிறவர்களுக்கு 0.02, 0.10தான். அளவுக்குக் கீழே இருந்தாலும் போதை ஓட்டுதலைப் பாதித்தால் அது தனிக் கேஸ். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பொறுப்பாக நடக்கிறோம் என்று நினைத்து, இங்கே டர்பனில் உள்ள ஃபுளோரிடா ரோட்டில் காரை ஓரங்கட்டி ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினால்கூட மாட்டலாம், ஏனென்றால் என்ஜின் ஓடும்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பதையும் சட்டம் ஓட்டுவதோடு சேர்த்தே சொல்கிறது. தூங்குவதானால் பின் சீட்டு, என்ஜினை அணைத்துவிட்டு.

சாலையில் ஊதுவது பெரும்பாலும் முதல் சோதனைதான். தேறவில்லை என்றால் கைதுசெய்து ரத்தம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். 2011இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஊதும் கருவியின் கணக்கை ஏற்காமல் விட்டதிலிருந்து ரத்தத்துக்கு மவுசு கூடிவிட்டது. ஓட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அந்த அளவை ஓட்டியபோது இருந்த அளவாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் எப்போது நிறுத்தினார்கள், எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்று நீங்களும் குறித்துவையுங்கள். ரத்தம் எடுக்கும் ஊசி இருக்கிற பாக்கெட்டின் சீல் உங்கள் கண்முன் பிரிகிறதா என்றும் பாருங்கள்.

மறுக்க முடியாதே தவிர, கைதான பிறகு உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன. எவ்வளவு குடித்தீர்கள், எங்கே குடித்தீர்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெயர், முகவரி கொடுத்துவிட்டு வக்கீலைக் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டினால் திங்கள் வரை இழுக்கும், ஆகவே ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்டுப் பாருங்கள். ரத்த ரிசல்ட் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கேஸை வாபஸ் வாங்கியதுபோல இருக்கும், அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பிற்பாடு சம்மன் வரும்.

"கோல்ட் டிரிங்க்குக்கு ஏதாவது" என்று யாராவது லஞ்சத்துக்கு இழுத்தால் கொடுக்காதீர்கள், கொடுப்பதும் குற்றம். குடித்துவிட்டு ஓட்டியதற்குத் தண்டனை அபராதம் அல்லது 6 வருடம் வரை சிறை, முதல் தடவையே லைசென்ஸ் குறைந்தது 6 மாதம் முடங்கும். உங்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி கிரிமினல் ரெக்கார்டு, விசாவுக்கு போலீஸ் கிளியரன்ஸ் கேட்பார்கள்.

சரி, அந்த ஒரு பீர்? உடம்புக்கு உடம்பு மாறும், என்னால் கணக்குச் சொல்ல முடியாது. நான் குடிக்கிற நாளில் காரை நண்பர் வீட்டு கேட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு ஊபரில்தான் வருவேன். காலையில் கார் எடுக்கப் போனால் மீந்த இறைச்சியும் கிடைக்கும்.